மூன்று மாதத்தில் குட்டையான தம்பி

கேள்வியம்மாவுக்கு,

இன்று காலை குச்சிக்கிழங்கு மூட்டை கட்டக் கயிறு தேடிப் பரணில் கையை விட்டேன். கயிறு அகப்படவில்லை. சலக்கென்று ஒரு சத்தம் அகப்பட்டது. எடுத்துப் பார்க்கத் தேவையே இல்லை. மாத்திரை டப்பாவுக்குள் ஒரு பிடி சாமையைப் போட்டு, மூடியை மெழுகு உருக்கி அடைத்து, மேலே சிவப்புத் துணி சுற்றிய உங்கள் கிலுகிலுப்பை. ஆறு வருஷமாகியும் உள்ளே இருக்கிற சாமையை ஒரு வண்டுகூடத் தொடவில்லை. எங்கள் வீட்டில் நானும் தொடாமல் விட்ட தானியம் அது ஒன்றுதான்.

அடுப்படியிலிருந்து அம்மா, "என்ன புள்ள அது சத்தம்?" என்றாள்.

"கேள்வியம்மா வந்திருக்காங்க" என்றேன். பழக்க தோஷம். அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம்.

சட்டியில் கிண்டிக்கொண்டிருந்த கரண்டி நின்றது. அப்புறம்தான் எனக்கே உறைத்தது. நீங்கள் போய்ச் சேர்ந்து நாற்பது நாளுக்கு மேல் ஆகிவிட்டது. எங்களுக்குத் தெரிந்தே பதினைந்து நாள்தான். உங்களோடு வேலை பார்த்த சரசு அக்கா மலையேறி வந்து சொன்னார். செத்த சேதியாக இருந்தாலும் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் எங்களிடம் வரவேண்டும். வந்து சேர்வதற்குள் அதற்கே தலை சுற்றிவிடும்.

உங்களுக்கு என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. எங்களில் ஒருவர் போனால் போய்க் கட்டிப்பிடித்து அழுவோம். உங்கள் மார்க்கப்படி அன்றைக்கே அடக்கம் செய்துவிட்டார்களாம். பெண்கள் அடக்க இடத்துக்குப் போகிற வழக்கம் இல்லை என்றும் சரசு அக்கா சொன்னார். அம்மா ஒரு படி சாமை எடுத்து வைத்து, அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் திரும்பப் பானையில் கொட்டினாள். நான் கடிதம் எழுதுகிறேன். செத்தவர்களுக்குக் கடிதம் எழுதலாமா? அதுவும் தெரியவில்லை.

தெரியவில்லை என்று இத்தனை தடவை எழுதுவது உங்களுக்குப் பிடிக்கும். வீடு வீடாகப் போய் நீங்கள் நிரப்பும் பாரத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே மூன்று கட்டம் இருக்கும். ஆம், இல்லை, தெரியவில்லை. மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டால் தன் வேலைக்கு அவமானம் என்று சரசு அக்கா நினைப்பார். நீங்கள் அதற்குத்தான் திட்டுவீர்கள். "தெரியலைன்னா தெரியலைன்னு போடு சரசு. தெரிஞ்ச மாதிரி போட்டாத்தான் எனக்குக் கோவம் வரும்."

அப்படிப் பார்த்தால் இந்தக் கடிதம் முழுக்கவே மூன்றாவது கட்டம்தான்.

தொண்ணூற்றெட்டில் நீங்கள் முதன்முதலாக மலையில் எங்கள் பகுதியான அரியூர் நாட்டுக்கு வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. டாக்டரம்மா வருகிறார் என்று சொன்னதால் மூட்டு வலி, பல் வலி, மாமியார் வலி எல்லாம் கோயில் முன்னால் வரிசையில் நின்றன.

"நான் அந்த டாக்டர் இல்லீங்க" என்றீர்கள்.

"பின்ன எந்த டாக்டருங்க?" என்று கேட்டார் வரிசையில் முதலில் நின்ற ஊர்க்கவுண்டர்.

"புள்ளைங்க எப்படி வளருதுன்னு படிச்ச டாக்டருங்க."

"அதுல என்னங்க படிக்கறது? அது பாட்டுக்கு வளருமுங்க."

கூட்டம் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். முக்காட்டைச் சரி செய்துகொண்டு, "எங்கப்பாவும் இதேதான் கேட்டாருங்க. காரவள்ளியில மொளகு வாங்குற பாய் இருந்தாரே, அவரு மவ நானு" என்றீர்கள். அவ்வளவுதான். கவுண்டர் தோள் துண்டை எடுத்து உதறி கல்லில் விரித்தார். "மொளகு பாய் மவளுங்களா? மொதல்லயே சொல்றதில்லீங்களா? உக்காருங்க." பிஸ்மில்லா சொல்லாமல் தராசைத் தூக்காத மனிதர் உங்கள் அப்பா என்று மலை முழுக்கப் பேச்சு. அந்தத் தராசின் நம்பிக்கையில்தான் நீங்கள் எங்கள் வீடுகளுக்குள் வந்தீர்கள்.

நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், "அப்ப நீங்களும் எங்கள நிறுக்கத்தான் வந்தீங்களா?" என்றேன்.

"ஆமா கண்ணு. ஆனா வாங்கிட்டுப் போக மாட்டேன்."

எனக்குச் சமமாக வாய் உள்ள ஒரு பெரிய மனுஷியை அன்றுதான் பார்த்தேன். உங்களுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தே ஆகவேண்டும் என்று முடிவு செய்தேன். வீட்டுக்கு வீடு உட்கார்ந்து கேள்வியாய்க் கேட்டதால் கேள்வியம்மா. ஒரே வாரத்தில் ஊர் முழுக்க அந்தப் பெயர்தான். நீங்களே ஒருநாள் கதவைத் தட்டி, "கேள்வியம்மா வந்திருக்கேனுங்க" என்றீர்கள். பட்டப்பெயர் வைத்தவளுக்கு அதைவிடத் தோல்வி வேறு இல்லை.

அப்புறம் குடத்தில் சீட்டுப் போட்டுக் குலுக்கினீர்கள். கைக்குழந்தை உள்ள வீடெல்லாம் அதில் இருந்தது. மஞ்சள் சீட்டு வந்த வீட்டுக் கதவு நிலையில் மஞ்சள் பொட்டு. அந்த வீட்டுக்கு வாரம் ஒரு தடவை பையோடு ஓர் அக்கா வருவார், குழந்தையோடு விளையாடுவார், அம்மாவோடு பேசுவார். நீலச் சீட்டு வந்த வீட்டுக்கு நீலப் பொட்டு. அங்கே யாரும் விளையாட வரமாட்டார்கள், எல்லா வீட்டிலும் போல மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழந்தையை நிறுத்து அளந்து எழுதிக்கொண்டு போவதோடு சரி. வீட்டுக்குப் போய்ப் பேசுவதால் பிள்ளைகளுக்கு நன்மை உண்டா என்று தெரிய வேண்டுமானால், போகாத வீட்டையும் பார்த்தால்தானே தெரியும் என்றீர்கள். ஊரே தலையாட்டியது. யாருக்கும் புரியவில்லை.

எங்கள் வீட்டுக்கு மஞ்சள் வந்தது. பதினாலாம் நம்பர். அடுத்த வீடு என் அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மா வீடு. பதினைந்தாம் நம்பர், நீலம். எங்கள் வீட்டில் தம்பி, அவள் வீட்டில் பாவாயி. இரண்டு பேரும் பத்து நாள் இடைவெளியில் பிறந்தவர்கள், அப்போது எட்டு மாதம். பாவாயி என்ற பெயரே பிறகு வந்தது. குலசாமி கோயிலில் மொட்டை போடும்வரை எங்கள் குடும்பத்தில் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இரண்டும் 'கண்ணு'தான். இரண்டுக்கும் ஒரே மாதிரி கன்னத்தில் மைப்பொட்டு.

நீங்கள் வீட்டுக்குள் வரும் விதத்தை இப்போதும் நான் நடித்துக் காட்டுவேன். செருப்பை வாசலுக்கு வெளியே, அதுவும் ஓரமாக. உட்காரச் சொல்லும்வரை நிற்பது. கொடுத்ததைக் குடிப்பது, ராகிக் கூழில் நான் உப்பை அள்ளிப் போட்டுக் கொடுத்த அன்று உட்பட. கண் சிமிட்டாமல் முழுக்கக் குடித்துவிட்டு, "இன்னொரு டம்ளர் இருக்குதா கண்ணு? உனக்கு" என்றீர்களே, அதையும் நடிப்பேன். குழந்தையைப் பார்த்ததும் அழகு, கொழுகொழு என்றெல்லாம் ஒருநாளும் சொல்லமாட்டீர்கள். "பரவால்ல" என்பீர்கள். கண் படும் என்று எங்களுக்கு இருக்கிற பயம் அத்தனையும் தெரிந்தவர் என்று அம்மா உங்களை மெச்சினாள். எல்லாம் தெரியவில்லை என்பது பிறகல்லவா தெரிந்தது.

இரண்டாவது மாதம் முதலில் வந்த அக்கா மாற்றலாகிப் போய், சரசு அக்கா புதிதாக வந்தார். புதன்கிழமை சாயங்காலம் நாலரைக்கு. அம்மாவும் சின்னம்மாவும் கிழங்குக் காட்டில் இருப்பார்கள், அம்மாவிடம் சொல்ல வேண்டியதை என்னிடம்தான் சொல்வார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் காட்டுக்குப் போய் இரண்டு குழந்தைகளையும் இரண்டு இடுப்பில் வைத்துக்கொண்டு வருவேன். முதல் புதன்கிழமை தம்பி ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தான். அவன் அழுதால் கடிப்பான், சிரித்தாலும் கடிப்பான். என்ன நினைத்தேனோ, அவன் சட்டையைக் கழற்றிப் பாவாயிக்கு மாட்டி, தம்பியைத் தூளியில் போட்டு ஒரு கிழங்கைக் கையில் கொடுத்தேன். சரசு அக்கா வந்து பாவாயியை மடியில் தூக்கி, "பதினாலாம் நம்பர் சாமி, எப்படி இருக்கீங்க?" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க வாய்க்குள் தாவணி முனையைத் திணிக்க வேண்டியிருந்தது.

ஒருநாள் கூத்தாக முடிந்திருக்க வேண்டியது. அடுத்த புதனும் செய்தேன். அதற்கடுத்ததும். மூன்று மாதம்.

ஏன் செய்தேன் என்று நீங்கள் பிறகு கேட்டீர்கள். அப்போது ஒரு பதில் சொன்னேன், இப்போது கேட்டால் வேறு சொல்வேன், நாளைக்கு எதைச் சொல்வேனோ. குறும்பு என்பது நிஜம். ஆனால் சரசு அக்காவின் பையைத் திறந்ததும் பாவாயியின் கண் விரியும் பாருங்கள், கொட்டாங்குச்சிகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கும்போது அவள் அந்தக் கையையே பார்ப்பாள், பார்த்துக்கொண்டே இருப்பாள். தம்பி அதே கொட்டாங்குச்சியைக் கடிப்பான். நீலப் பொட்டு வைத்த அன்றைக்குச் சின்னம்மா எங்கள் மஞ்சள் பொட்டைப் பார்த்த பார்வையும் எனக்குள் இருந்தது. கருணை பாதி, குறும்பு பாதி என்று சொல்ல ஆசை. எது எத்தனை என்று யார் நிறுப்பது?

பாவாயி நான் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். திமிர் என்று நினைத்தேன். எனக்கேற்ற சிஷ்யை, கேட்டும் கேட்காத மாதிரி இருக்கக் கற்றுக்கொண்டாள் என்று பெருமைகூடப் பட்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அன்றைக்கு நல்ல மழை. அதனால் அம்மாவும் சின்னம்மாவும் காட்டுக்குப் போகவில்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். நீங்களும் சரசு அக்காவும் நனைந்துகொண்டு வந்து நின்றீர்கள். வரிசைப்படி செருப்பு, ஓரம், உட்காரச் சொல்லும்வரை நிற்பது. அப்புறம் பிளாஸ்டிக் பைக்குள்ளிருந்து இரண்டு பாரத்தை எடுத்தீர்கள்.

"ஏனுங்க அக்கா, பயப்படாதீங்க. உங்க பையனப் பத்தி ரெண்டு விசயம் எனக்குப் புரியல. மொதல்ல அளந்தப்ப இருந்ததவிட இப்ப ரெண்டு இஞ்சு குட்டையா இருக்கறான். மூணு மாசத்துல."

"மழையில நனைஞ்சிருப்பானுங்க" என்றேன் நான். "சட்டை மாதிரி சுருங்கியிருப்பான்."

வழக்கமாகச் சிரிக்கிற நீங்கள் சிரிக்கவில்லை. "ரெண்டாவது, பின்னாடியிருந்து கிலுகிலுப்பை ஆட்டினா திரும்பவே மாட்டேங்கறான்னு சரசு வாரா வாரம் எழுதியிருக்கா. காது சரியாக் கேக்குதான்னு பாக்கணும். நாளைக்கு நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாங்களா?"

அம்மா தம்பியை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவன் அவள் தோளைக் கடித்தான். அப்போதுதான் சரசு அக்கா அவனை உற்றுப் பார்த்தார்.

"ஏனுங்க அக்கா, இது யாரு ஊட்டுப் புள்ளைங்க?"

அடுப்பில் விறகு வெடித்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் ஏதாவது புரியாமல் போனால் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். சொன்னேன். சட்டை, தூளி, கிழங்கு, எல்லாம். அம்மா கரண்டியை எடுத்தாள். நீங்கள் கையை நீட்டித் தடுத்தீர்கள். எத்தனை புதன்கிழமை என்று கேட்டு எழுதிக்கொண்டீர்கள். பிறகு பேனாவால் நெற்றியைத் தட்டியபடி, "சரி, புதன்கிழமை நீ மாத்தின. அளக்கற அன்னிக்கு யாரு மாத்தினது? அளக்க வந்தது வேற ஆளு. நீ பள்ளிக்கூடத்துல இருந்திருப்ப" என்றீர்கள்.

எனக்கே குழப்பம். நான் செய்யாத ஒரு குற்றம் எங்கள் வீட்டில் நடந்திருக்கிறது.

அம்மா சின்னம்மாவைப் பார்த்தாள். சின்னம்மா தரையைப் பார்த்தாள்.

"அதுங்க…" என்று இழுத்தாள் அம்மா. "மொதோ தடவை நிறுத்துட்டுப் போனப்புறம் ரெண்டுக்கும் காச்சலுங்க. பெத்த புள்ளையத் தராசுல தூக்கி வெச்சா கண்ணு பட்டுருமுங்க. அதனால அடுத்த தடவை எம்பையன இவ புள்ளைன்னு இவ வெச்சா, இவ புள்ளைய என்ற புள்ளைன்னு நான் வெச்சேன். ஊருப்புள்ளைய வெச்சா ஒண்ணும் ஆகாதுங்க."

நீங்கள் சிரிக்க ஆரம்பித்தீர்கள். முக்காட்டு முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தீர்கள். "இருவது வருசமா ஊடு ஊடாப் போறேனுங்க. தராசுக்காரரு மவ வேற. தராசுல கண்ணு இருக்குன்னு எனக்குத் தோணவே இல்லையே." சின்னம்மா சிரித்தாள், சரசு அக்கா சிரித்தார், அம்மா கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

நான் சந்தர்ப்பத்தை விடவில்லை. "இனிமே என்னையும் பாப்பாவையும் ஒண்ணா நிறுத்துட்டு, அப்புறம் என்னைக் கழிச்சிருங்க" என்றேன்.

"உன்னைக் கழிக்கறதுதான் கண்ணு கஷ்டம்" என்றீர்கள்.

சொல்லி முடிக்கும்போதே உங்கள் முகம் மாறியது. கையிலிருந்த பாரத்தை மறுபடியும் பார்த்தீர்கள். எனக்கு அப்போது விளங்கவில்லை. நீங்கள் மெதுவாக, "அப்ப புதன்கிழமை திரும்பாம இருந்தது…" என்று சொல்லிவிட்டுச் சின்னம்மாவின் மடியைப் பார்த்தீர்கள்.

பாயை விரிக்கச் சொன்னீர்கள். இரண்டு குழந்தைகளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தோம். ஓட்டின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. "கொஞ்சம் ஓயட்டும்" என்றீர்கள். அந்தக் கிலுகிலுப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, மழை ஓயும்வரை காத்திருந்தீர்கள். எத்தனையோ மழையைப் பார்த்துவிட்டேன், அவ்வளவு நேரம் பெய்த மழை வேறில்லை.

ஓய்ந்தது. பின்னால் போய் ஆட்டினீர்கள். தம்பி திரும்பினான், உடனே அதைக் கடிக்கக் கை நீட்டினான். பாவாயி கொட்டாங்குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை ஆட்டினீர்கள். இந்தப் பக்கம். அந்தப் பக்கம். காதுக்குப் பக்கத்தில். அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

சின்னம்மா கிலுகிலுப்பையைப் பிடுங்கித் தானே ஆட்டினாள். "வெளையாடறாளுங்க" என்றாள். மறுபடி ஆட்டினாள். டப்பாவைக் கீழே வைத்துவிட்டு உங்களைப் பார்த்துக் கேட்டாள்: "காச்சலுக்கப்புறம் நான் இவளத் தராசுல வெக்கவே இல்லீங்களே. பின்ன எப்படிங்க?"

"கண்ணு பட்டு வந்ததில்ல தங்கச்சி. பொறக்கறப்பவே இருந்திருக்கும்."

"அப்ப இவ குறும்பு பண்ணலைன்னா யாரும் பாத்திருக்க மாட்டீங்களா? எங்க ஊடு நீல ஊடுங்களே. எம்புள்ளைக்குக் காது கேக்கலைன்னு தெரியறதுக்கு நாங்க மஞ்சளா இருக்கணுமுங்களா?"

நீங்கள் எதற்கும் பதில் வைத்திருப்பவர். அன்று பாயின் கோரையை விரலால் நெருடினீர்கள். "தெரியல தங்கச்சி" என்றீர்கள். "நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியல." பிறகு சிவப்புப் பேனாவை எடுத்துப் பதினாலாம் நம்பர் பாரத்திலும் பதினைந்தாம் நம்பர் பாரத்திலும் குறுக்கே கோடு போட்டீர்கள்.

"அப்ப சரசு அக்கா வரமாட்டாங்களா?" என்றேன்.

"வருவா. ஆராய்ச்சியில இருந்து ரெண்டு ஊட்டையும் எடுத்துட்டேன். இனி ரெண்டு ஊட்டுக்கும் வருவா."

பஸ் நிற்கும் இடம்வரை உங்களோடு நடந்தேன். திட்டப்போகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் உங்களைப் பற்றிப் பேசினீர்கள், அது திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது. இருபத்திரண்டு வயதில் வேறு யாருடைய ஆராய்ச்சிக்கோ தராசு சுமந்துகொண்டு சேரிச் சந்துகளில் நடந்தீர்களாம். படித்தீர்கள், எழுதினீர்கள், தலைமைக்கு வந்தீர்கள். "மேல போகப் போக ஊடு குறையுது கண்ணு, மீட்டிங் கூடுது. அதனாலதான் மாசத்துக்கு ஒரு ஊடாவது நானே போவேன்னு அடம் புடிக்கறேன்." ஏசி அறையில் உட்கார்ந்து மூன்றாவது கட்டம் எதற்கு, எடுத்துவிடலாம் என்று சொல்பவர்களோடு சண்டை போட்டிருக்கிறீர்கள். இனிமேல் நீல வீடுகளிலும் அளக்கிற அன்று கிலுகிலுப்பை ஆட்டிப் பார்க்கப் போவதாகச் சொன்னீர்கள். அப்படிச் செய்தால் மஞ்சளுக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் குறையும், ஆராய்ச்சி கெடும் என்று பெரியவர்கள் கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டும் என்றீர்கள்.

"கெட்டது என்னாலயா?" என்றேன்.

"உன்னால ரெண்டு பாரம் பொய் சொல்லுச்சு. உன்னாலதான் ஒரு புள்ளைக்குக் காது கேக்கலைங்கறதும் தெரிஞ்சுது. ரெண்டையும் எந்தத் தராசுல வெக்கறது? நீயே சொல்லு."

நான் பன்னிரண்டு வயசுக்காரி. உண்மையாகவே என்னிடம் கேட்டீர்கள். பதிலுக்காகக் காத்துக்கூட இருந்தீர்கள். பஸ் வந்துவிட்டது.

அடுத்த வருஷம் பாவாயிக்கு மிஷின் வந்தது. நெஞ்சில் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒயர். ஊரில் அதற்கு ரேடியோ என்று பெயர், அந்தப் பெயரை நான் வைக்கவில்லை. சின்னம்மா எல்லாச் சட்டையிலும் நெஞ்சுப் பக்கம் ஒரு பை தைத்தாள். மாட்டிவிட்ட முதல் நாள் சேவல் கூவியதும் பாவாயி திடுக்கிட்டு அழுதாள். சின்னம்மாவும் அழுதாள். நான் சேவலைத் துரத்திக்கொண்டு ஓடினேன், இன்னொரு தடவை கூவ வைக்க. நீங்கள் கேட்பதற்கென்றே பிறந்தவர், இவள் கேட்காமலே பிறந்தவள். நடுவில் நான் யார்?

இரண்டாயிரத்து ஒன்றில் உங்கள் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். அடுத்து திண்ணனூர் நாட்டுக்குப் போகிறோம், அங்கே இன்னும் உள்ளடங்கின ஊர்கள் என்று சொல்லியிருந்தீர்கள். போகவில்லை. ஏன் போகவில்லை என்று யாரும் சொல்லவில்லை. நீல வீட்டில் கிலுகிலுப்பை ஆட்டியதாலா? அதற்கு முன்னால் நான் சட்டை மாற்றியதாலா? போன வாரம் சரசு அக்காவிடம் கேட்டேன். "அதெல்லாம் ஆயிரம் காரணம் இருக்கும் புள்ள" என்றார். ஆயிரத்தில் நான் எத்தனையாவது என்று சொல்லவில்லை. திண்ணனூர் நாட்டில் கூப்பிட்டால் திரும்பாத ஒரு குழந்தை இருந்து, திமிர் என்று அதன் அக்கா நினைத்துக்கொண்டிருந்தால், அது யார் கணக்கு? உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். போன வருஷம் நீங்கள் வந்தபோதுகூடக் கேட்கவில்லை.

போன வருஷம் தனியாக, ரூட் பஸ்ஸில் வந்தீர்கள். பாதியாக இளைத்திருந்தீர்கள். "ஏனுங்க இப்படி ஆயிட்டீங்க?" என்று அம்மா கேட்டதற்கு, "மழையில நனைஞ்சுட்டனுங்க, சுருங்கிட்டேன்" என்று சொல்லி என்னைப் பார்த்தீர்கள். என் பழைய நகைச்சுவையை என் மேலேயே திருப்பிப் போட்ட ஒரே ஆள் நீங்கள்தான். எங்கள் வீட்டில் நீங்கள் விட்டுப்போயிருந்த கிலுகிலுப்பையைக் கேட்டு வாங்கிப் பாவாயியிடம் கொடுத்து, "எம்பின்னாடி போயி ஆட்டு சாமி, நான் திரும்பறனான்னு பாப்போம்" என்றீர்கள்.

அவளுக்கு அப்போது ஐந்து வயது முடிந்திருந்தது. சேலத்தில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தோம், லீவுக்கு வந்திருந்தாள். குதித்துக்கொண்டு உங்கள் பின்னால் போய் ஆட்டினாள். நீங்கள் திரும்பவில்லை. இன்னும் பலமாக ஆட்டினாள். நீங்கள் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பாவாயிக்குத் தாங்கமுடியாத சிரிப்பு. "கேள்வியம்மாவுக்குக் காது கேக்கல, காது கேக்கல" என்று அவள் குரலில் சொல்லி வாசலுக்கு ஓடி ஊரைக் கூப்பிட்டாள். நானும் சிரித்தேன். குறும்புக்காரியையே ஏமாற்றுகிறார் பார் என்று நினைத்தேன்.

சரசு அக்கா சேதி சொன்ன அன்று போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். "கடைசி ஒரு வருசமா மருந்து வேகத்துல காதும் மந்தமாயிருச்சு புள்ள. கத்திப் பேசினாத்தான் கேக்கும். யாருகிட்டயும் சொல்ல மாட்டாங்க."

அன்றைக்கு நீங்கள் விளையாடினீர்களா, நிஜமாகவே கேட்கவில்லையா? அம்மாவின் கேள்விக்கு உடனே பதில் சொன்னீர்களே. ஆனால் அம்மா எதிரே உட்கார்ந்து, உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். பாவாயியும் முகம் பார்த்துத்தான் சிரிப்பாள். பதினைந்து நாளாக அந்த மத்தியானத்தை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கிறேன். ஒரு பக்கம் பார்த்தால் பிரமாதமான குறும்பு. இன்னொரு பக்கம் பார்த்தால், நம் வீட்டில் ஒருத்தருக்குக் காது கேட்காமல் போனதை நான் இரண்டாவது தடவையும் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

சின்னம்மாவுக்கு இப்போது இன்னொரு ஆண்குழந்தை, ஏழு மாதம். கயிற்றை விட்டுவிட்டுக் கிலுகிலுப்பையைத் துடைத்து எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். பாயில் உட்கார வைத்து, பின்னால் போய் ஆட்டினேன். திரும்பினான். அந்தப் பக்கம் ஆட்டினேன். அதற்கும் திரும்பினான். சரியான பிள்ளைதானா என்று சின்னம்மாவிடம் இரண்டு தடவை கேட்டேன். "ஏம்புள்ள, உனக்குக் கிறுக்கா?" என்றாள். இது மட்டும் நிச்சயமாக ஆம் கட்டம். எழுதி வைத்திருக்கிறேன்.

திரும்பி வரும் வழியில் பஸ் நிற்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் ரோடு வளைந்து வளைந்து உங்கள் ஊர்ப் பக்கம் இறங்குவது தெரியும். யாரும் இல்லை. கிலுகிலுப்பையை எடுத்து, அந்தப் பக்கமாக, பலமாக ஆட்டினேன். மூன்று தடவை.

நீங்கள் திரும்பவில்லை.

கையில் பாரம் இல்லை, இந்தக் கடிதத்தின் ஓரத்தில் மூன்று கட்டம் போட்டிருக்கிறேன். 'இல்லை'யில் டிக் போட பேனாவைக் கொண்டு போனேன். நீங்கள் கோபப்படுவீர்கள் என்று தோன்றியது. மூன்றாவதில் போட்டுவிட்டேன்.

பதினாலாம் நம்பர் வீட்டிலிருந்து,
கழிக்க முடியாதவள்.